விலைச்சீட்டு இல்லாத தீவு

ஒலாயித் தீவில் தக்காளி என்ன விலை என்று கேட்கக் கூடாது. கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்பார்கள்.

நாச்சிமுத்துவுக்குக் கிலோ அந்த ஊர்ப் பணத்தில் மூன்று பெல். அதே கூடை, அதே தக்காளி, அவர் மனைவி மைதிலி கையில் எடுத்தால் முப்பத்து நான்கு. பக்கத்து வீட்டு ஞானசிகாமணி எடுத்தால் சும்மா. கடைக்காரரை நொந்துகொள்ளவும் வழியில்லை, ஏனென்றால் கடைக்காரர் என்று ஒருவர் அங்கே கிடையாது. மாலை போட மறந்த சாமி படம் மாதிரி, முகத்துக்கு நேரே ஒரு வட்டக் கண்ணாடி மட்டும் தொங்கும். பொருளைத் தொட்டதும் அது ஆளைப் பார்க்கும். கண்ணின் கருமணி எவ்வளவு விரிகிறது, கழுத்து நரம்பு எப்படித் துடிக்கிறது, மூச்சு எந்த இடத்தில் தடுக்குகிறது என்று பார்த்து, இந்த ஆளுக்கு இது எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிக்கும். ரொம்ப வேண்டுமென்றால் ரொம்ப விலை. பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். வேண்டாமென்றால் விளக்கும் இல்லை, விலையும் இல்லை.

நாச்சிமுத்து அந்தக் கண்ணாடிக்கு முதலாளி என்று பேர் வைத்திருந்தார்.

இந்த ஏற்பாட்டை அவருக்கு முதலில் விளக்கியவன், கோயம்புத்தூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் அலுவலகம் வைத்திருந்த டெரன்ஸ். ஓய்வுக்காலத்தை வெளிநாட்டில் கழிக்க நினைப்பவர்களை அனுப்பிவைக்கும் ஏஜெண்ட். நாச்சிமுத்துவின் மொத்த வருமானம் பொள்ளாச்சியில் இரண்டு கடைகளின் வாடகை. ஒன்று பஞ்சர் கடை, மற்றது பூட்டியே கிடக்கும் கடை. இதைக் கேட்டதும் டெரன்ஸ் மேசையில் பரப்பியிருந்த ஏழு நாட்டு விளம்பரத் தாள்களில் ஆறை மரியாதையாக மடித்து இழுப்பறைக்குள் வைத்தான்.

"இந்த ஒரு ஊருதான் சார் வருமானத்தக் கேக்காது."

"பின்ன என்னத்தக் கேக்கும்?"

"ஆசையக் கேக்கும். டூரிஸ்ட்டுக வர்றாங்க, கடலப் பாத்ததும் வாயப் பொளக்கறாங்க. அவங்ககிட்ட நல்லாத் தீட்டிருவாங்க, அதுலதான் தீவே ஓடுது. வயசானவங்களுக்கு எது மேலயும் பெருசா ஆசையிருக்காதுன்னு ஒரு நம்பிக்கை. அதனால உங்களுக்கு எல்லாமே மலிவு."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏந்தம்பி, இதுக்குப் போயி ஒரு மிசினா? நாப்பது வருசமாச் சந்தையில நாங்க இதத்தானப்பா பண்ணிட்டிருந்தோம்."

அதில் பொய்யில்லை. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர் அவர். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவன் பொழுதுபோக்க வந்தவன். ஒரு மாட்டை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அவசரமாக வேறு மாட்டின் பக்கம் திரும்புகிறான் பாருங்கள், அவன்தான் வாங்க வந்தவன். அவன் திரும்பிய வேகத்துக்குத் தக்கபடி நாச்சிமுத்து இரண்டாயிரமோ நாலாயிரமோ ஏற்றிச் சொல்வார். பேரம் வாயால் நடக்காது. இருவர் கைமேலும் தோள்துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, இரண்டு பிடித்தால் இரண்டு. ஆயிரமா பத்தாயிரமா என்பது பேசுகிற இருவருக்கும் தெரியும். உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து அழுத்தினால் முடிந்தது. சுற்றி நிற்கிற நூறு பேருக்குத் தெரிவதெல்லாம் இரண்டு கல்முகங்களும் ஒரு துண்டும்தான்.

கல்யாணமான புதிதில் இந்த விரல் பாஷையை மைதிலிக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். புடவைக் கடையில் அவள் முந்தானைக்குள் கையை விட்டு, எதுவரை போகலாம் என்று விரலில் சொல்வார். அதற்குள் அவள் புடவையைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து நிற்பாள். கடைக்காரர் அதைப் பார்த்துவிடுவார். பேரம் அங்கேயே உயிரை விடும். இப்படியொரு முகத்தை வைத்துக்கொண்டு தரகன் வீட்டில் வாழ வந்தாளே என்று அவர் அப்போதே வருத்தப்பட்டிருக்கிறார்.

பின்னால் சந்தை மொத்தமும் ஃபோனுக்குள் போய்விட்டது. நாச்சிமுத்து ஆறு வருஷம் மகன் வீட்டில், ஒன்பதாவது மாடியில் இருந்தார். மகனும் மருமகளும் தங்கமானவர்கள். வேளைக்குச் சோறு, வேளைக்கு மாத்திரை. ஆனால் அந்த ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டார்கள், ஏசி போதுமா என்று. அவர் யோசித்துப் பதில் சொல்வதற்குள் ஏசி தானாகவே முடிவெடுத்துக் குறைத்துக்கொண்டது.

தீவுக்குப் போய்விடலாமா என்று மைதிலியிடம் கேட்டார். சரியுங்க என்றாள். முப்பத்தெட்டு வருஷமாக அவர் எடுத்த எல்லா முடிவுக்கும் சொன்ன அதே சரிதான். அதன் எடையை அவர் நிறுத்துப் பார்த்ததில்லை.

தீவில் வருஷா வருஷம் தங்குரிமை வாங்க வேண்டும். அதற்கும் இதே முறை. தங்க ஆசைப்படுகிறவனுக்கு விலை அதிகம், எப்படியோ போகட்டும் என்றிருப்பவனுக்குக் குறைவு. ஒரு குடும்பத்துக்கு ஒரு சீட்டு, புருஷன் பெண்டாட்டி இருவரில் யார் வேண்டுமானாலும் கண்ணாடி முன்னால் நிற்கலாம். முதல் வருஷம் நாச்சிமுத்துதான் நின்றார். விமானத்தில் கால் வீங்கி, யாருக்கு வேண்டும் உங்கள் தீவு என்கிற மனநிலையில் நின்றதால் தொள்ளாயிரம் பெல்லோடு முடிந்தது. டெரன்ஸ் ஃபோனிலேயே எழுந்து நின்று பாராட்டினான்.

இரண்டாம் வருஷத்துச் சீட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவர்களால் எட்டிப் பிடிக்க முடிந்தது நாலாயிரம். அதற்கு மேல் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒன்பதாவது மாடிக்கே திரும்ப வேண்டியதுதான்.

நாச்சிமுத்துவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. இருக்காதா பின்னே, தீவிலேயே முதலாளியை ஏய்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான் என்று பேராகியிருந்தது. திங்களும் வியாழனும் காலையில் கடற்கரைப் பூங்காவில் அவர் வகுப்பு எடுத்தார். பத்துப் பன்னிரண்டு நாட்டுக் கிழவர்களும் கிழவிகளும் காதில் மொழிபெயர்க்கும் குமிழை மாட்டிக்கொண்டு வந்து உட்காருவார்கள். வேணுங்கற பொருளக் கடைசியாப் பாருங்க என்பார். பாக்கும்போதே அதுல ஒரு குறையச் சொல்லுங்க, மனசுக்குள்ள சொன்னாப் பத்தாது, நீங்களே அத நம்போணும் என்பார். நல்ல காளையைப் பார்த்து, சுழி சரியில்லையே என்று உண்மையிலேயே வருத்தப்படத் தெரிந்தவனுக்குத்தான் காளை கிடைக்கும் என்பார். கிழவர்கள் எழுதிக்கொள்வார்கள். கட்டணமாக மீனும் வாழைப்பழமும் வரும். ரோட்டில் போனால் நாலு பேர் தொப்பியைத் தூக்குவார்கள்.

தேறாத மாணவி ஒருத்திதான், மைதிலி. முருங்கைக்காயைக் கண்டால் அவள் முகத்தில் தேர் ஓடும். ஒரே காய்க்கு அறுபது பெல் கொடுத்திருக்கிறாள். கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை முகர்ந்து பார்த்தபோது விளக்கு எரிந்த எரிப்பில் கடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஊரிலிருக்கும் அக்காவோடு ஃபோனில் பேசுவதற்கும் முதலாளிதான் விலை வைப்பார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசினால் அந்த வாரக் காய்கறி போய்விடும். அதனால் அக்காவும் தங்கையும் பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரி சுருக்கமாகப் பேசிக்கொண்டார்கள்.

கரெண்ட் பில்லை நினைத்துக்கொள், ஆசை அடங்கும் என்று அவர் யோசனை சொன்னார். அவள் நினைத்துப் பார்த்து, சிரிப்புத்தான் வருது என்றாள்.

ஒரே ஒரு விஷயத்தில் அவள் தேறிவருவதாக அவருக்குப் பட்டது. கடலைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு இருந்தது. அதன் இரண்டு கைப்பிடியிலும் விளக்கு உண்டு, உட்காருகிறவர்களின் ஆசைக்குத் தக்கபடி கால் மணிக்கு இவ்வளவு என்று ஏறும். டூரிஸ்டுகள் அதில் உட்கார்ந்து சொத்தை அழிப்பார்கள். மைதிலியோ அவர் வகுப்பு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள், ஒரு நாளும் விளக்கு எரிந்ததில்லை. பாருங்க, பாடம் மெல்ல ஏறுது என்று வகுப்பில் அவளை உதாரணம் காட்டினார்.

ஆனால் உண்மையான முதல் மாணவர் ஞானசிகாமணி. நாகர்கோவில்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மனைவி இல்லை. வந்த புதிதில் நெத்திலிக் கருவாட்டுக்காக மாதப் பென்ஷனில் பாதியை இழந்தவர். வகுப்பில் சேர்ந்து, ஒவ்வொன்றாக வேண்டாம் வேண்டாம் என்று பழகி, வருஷம் முடிவதற்குள் எல்லாம் இலவசம் என்கிற நிலைக்கு வந்துவிட்டார். தீவு அரசாங்கம் அவர் படத்தைத் துறைமுகத்தில் பெரிதாக மாட்டியிருந்தது. படத்தில் சிரிக்கச் சொன்னார்களாம், எதற்கு என்று கேட்டாராம்.

தங்குரிமைக்கு நாலு நாள் முன்னால் அவர் நாச்சிமுத்துவின் வீட்டுக்கு வந்தார். மைதிலி காபி கொடுத்தாள். அவர் அதைக் குடிக்கவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. வந்த காரியம் வேறு.

"நேத்து எம் மககிட்ட ஒரு மணிக்கூர் பேசுனேன் பாத்துக்கிடுங்க," என்றார். "ஒரு பைசா ஆகல்ல."

நாச்சிமுத்து பாராட்ட வாயைத் திறந்தார். மைதிலியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"அவகிட்ட நான் சொல்லல்ல," என்றார் ஞானசிகாமணி. "நல்லா சிக்னல் கிடைச்சுதுன்னு மட்டும் சொன்னேன். இதத் திருப்பிப் போடுகதுக்கு வகுப்பு ஏதும் உண்டா?"

அப்படியொரு வகுப்பு நாச்சிமுத்துவிடம் இல்லை. சந்தையில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஞானசிகாமணி அதற்கும் வருத்தப்படாமல் எழுந்து போனார். மைதிலி ஆறிப்போன காபியைத் தொட்டியில் ஊற்றினாள். நல்லவேளை, இவள் மாதிரி ஆள்கள் அந்த நிலைக்கு எல்லாம் போக மாட்டார்கள் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டார். கூடவே இன்னொன்றும் நினைத்தார். சீட்டு வாங்கும் இடத்தில் இவளைக் கண்ணாடிக்குப் பத்தடி தள்ளியே நிறுத்த வேண்டும். தக்காளிக்கே முப்பத்து நான்கு என்றால் தீவுக்கு என்ன ஆகும்.

தங்குரிமை அலுவலகத்தில் கண்ணாடி ஆளுயரத்துக்கு இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு தீவுக்காரி, நாற்பது வயதிருக்கும், மேசையில் முத்திரைக் கட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பேசியதை மேசையிலிருந்த பெட்டி தமிழாக்கிச் சொன்னது.

"அசையாது நிற்கவும். தங்கள் விருப்பம் அளக்கப்படுகிறது. குடும்பத்துக்கு மூன்று முறை வாய்ப்பு உண்டு."

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். குறைகளை வரிசையாக எடுத்தார். உப்புக்கரிக்கும் தண்ணீர். கொசு. தோசை மாவு அரை நாளில் புளித்துப்போகும் சீதோஷ்ணம். எல்லாம் உண்மையான குறைகள், ஒவ்வொன்றையும் அவர் நம்பவும் செய்தார். முகம் கல்லாகத்தான் இருந்தது, அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நடுவில் எங்கிருந்தோ வியாழக்கிழமை வகுப்பு நினைவுக்கு வந்தது. ஒரு நார்வேக்காரர் தொப்பியைத் தூக்கியது நினைவுக்கு வந்தது.

கண்ணாடி பதினோராயிரத்து அறுநூறு என்று காட்டியது.

அவர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு, தொழிலில் கடைசி ஆயுதம் எதுவோ அதை எடுத்தார். சரி, வேண்டாம் என்கிற பாவனையில் தலையை ஆட்டிவிட்டு, வாசலைப் பார்த்து நடந்தார். சந்தையில் பதினைந்து அடிக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். இருபதடி நடந்து, கதவுப்பிடியில் கை வைத்து, மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

"இரண்டாம் முறை," என்றது பெட்டி. "பதினாலாயிரத்து முந்நூறு. தங்கள் இதயம் மிக வேகமாக அடிப்பதால், அமர்ந்து தண்ணீர் அருந்தவும்."

நாச்சிமுத்து அமர்ந்து தண்ணீர் அருந்தினார். நாற்பது வருஷம் அடுத்தவன் ஆசையை மோப்பம் பிடித்த மனிதர், தனக்குள் இவ்வளவு பெரிய ஒன்று படுத்துக் கிடந்ததை இன்றுதான் பார்த்தார். ஒன்பதாவது மாடி கண்முன்னால் வந்தது. தானாகக் குறைந்துகொள்ளும் ஏசியும் வந்தது.

"நான் நிக்கட்டுங்களா?" என்றாள் மைதிலி.

"நீயா? உன்ற மூஞ்சிய வெச்சுக்கிட்டா?"

"போறதுன்னு ஆயிப்போச்சு. நின்னாத்தான் என்னுங்க?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நிற்கிற மாதிரி போய் நின்றாள். குறை எதையும் யோசிக்கிறவள்போலத் தெரியவில்லை. சும்மா நின்றாள். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

தீவுக்காரி கண்ணாடியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டும் சத்தம் கேட்டுத்தான் திறந்தார். கண்ணாடியில் பன்னிரண்டு என்று இருந்தது. பன்னிரண்டாயிரம் இல்லை. பன்னிரண்டு.

"கருவி பழுதாகவில்லை," என்றது பெட்டி, அதற்கே நம்பிக்கை இல்லாத குரலில். "துறைமுகத்தில் படம் இருக்கும் பெரியவருக்கு மட்டுமே இதைவிடக் குறைவாக வந்தது. வாழ்த்துகள்."

முத்திரை விழுந்தது.

வெளியே வந்த நாச்சிமுத்துவின் கால்கள் தரையில் இல்லை. கடற்கரை வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். என்ன வித்தை செய்தாய், எந்தக் குறையை நினைத்தாய், கொசுவா, தண்ணியா, கடைசியில் குருவையே மிஞ்சிய சிஷ்யை நீதான், வரும் திங்கட்கிழமை வகுப்பை நீயே எடு என்று அடுக்கினார். மைதிலி சிரித்துக்கொண்டே வந்து, வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தாள். பேச்சு வேகத்தில் அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். வந்த ஒரு வருஷத்தில் அந்த பெஞ்சில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை.

அவர் பக்கத்துக் கைப்பிடியில் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. கால் மணிக்கு ஒன்பது பெல்.

முன்னால் கடல் நீலமும் பச்சையுமாகப் புரண்டுகொண்டிருந்தது. உலகத்தில் பாதிப் பேர் பணம் கட்டிப் பார்க்க வருகிற கடல். நாச்சிமுத்து அதைப் பார்த்தார். பிறகு மைதிலி பக்கத்துக் கைப்பிடியைப் பார்த்தார். இருட்டாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். முருங்கைக்காயைக் கண்டு தேர் ஓடிய முகம், அக்காவின் இரண்டு நிமிஷத்துக்காக ஞாயிற்றுக்கிழமை விடியலிலிருந்தே பூத்திருக்கும் முகம், கடலுக்கு முன்னால் ஒன்றும் எழுதாத சிலேட்டாக இருந்தது. பாடம் ஒன்றும் ஏறவில்லை. அவளுக்கு வித்தை எதுவும் தெரியாது. தீவு முழுக்க அவளுக்கு வேண்டியதெல்லாம் பொள்ளாச்சியிலிருந்து வந்ததுதான். கண்ணாடிகள் வருஷம் பூராவும் அதைச் சிவப்பு விளக்குப் போட்டுச் சொல்லியிருக்கின்றன. விலை ஏறியதை மட்டும் பார்த்து, எதற்கு ஏறியது என்று பார்க்காமல் விட்டவர் அவர். சந்தையில் ஒரு கத்துக்குட்டித் தரகன் இந்தத் தப்பைச் செய்திருந்தால், துண்டைப் பிடுங்கிக்கொண்டு துரத்தியிருப்பார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம்தான். நீங்கள் எங்கே கேட்டீர்கள் என்று அவள் சொல்ல மாட்டாள், சரியுங்க என்றுதான் சொல்வாள். அது இன்னும் மோசம்.

தோளிலிருந்த துண்டை எடுத்து இருவருக்கும் நடுவில் விரித்தார். அதற்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்தார். மைதிலி அவரைத் திரும்பிப் பார்த்தாள். எதற்கென்று கேட்கவில்லை. புடவைக் கடைகள் எல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், உதட்டோரம் லேசாக இழுத்தது.

இன்னும் எத்தனை வருஷம் இங்கே, என்று அவர் வாயால் கேட்கவில்லை. அவள் உள்ளங்கையில் விரலைச் சுழித்தார். சந்தையில், உன் விலையைச் சொல் என்று அதற்கு அர்த்தம். என்ன சரக்கு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பிறகு அவள் அவருடைய ஒரே ஒரு விரலைப் பிடித்தாள்.

பழக்கதோஷம், நாச்சிமுத்துவின் கட்டைவிரல் தானாகவே எழுந்தது. மூன்று பிடிக்கலாம். மூன்று பிடித்தால் இரண்டுக்கு வரும். வியாழக்கிழமை வகுப்பு, தொப்பிகள், வாழைப்பழம். அவர் எழுந்த கட்டைவிரலை மடக்கினார். உள்ளங்கையை அவள் உள்ளங்கையோடு சேர்த்து அழுத்தினார். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட அவர் முதல் விலையில் எதையும் முடித்ததில்லை.

மைதிலி துண்டுக்கு மேலே அவரைக் கூர்ந்து பார்த்தாள்.

"என்னுங்க, பேசாம முடிச்சுப்போட்டீங்க?"

"உன்ற விலை. சரின்னுட்டேன்."

"நான் ரெண்டு வரைக்கும் ஏறியிருப்பேனுங்க," என்றாள், கடலைப் பார்த்தபடி. முகம் கல் மாதிரி இருந்தது.

நாச்சிமுத்துவுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவந்தது. முப்பத்தொன்பது வருஷம் அந்த முகத்தைக் குறைசொல்லிக் குறைசொல்லி, கடைசியில் அதே முகத்திடம் ஒரு வருஷத்தைக் கோட்டைவிட்டிருக்கிறார். மைதிலியாலும் அதற்கு மேல் கல்லைத் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கைகள் துண்டுக்குள்ளேயே இருந்தன.

அப்போதுதான் அவர் பார்த்தார். அவள் பக்கத்துக் கைப்பிடியில் இதுவரை எரியாத விளக்கு, ஊதுபத்தி முனை மாதிரி சிவக்க ஆரம்பித்திருந்தது.

"அம்மிணி, எந்திரி," என்றார். "வெல ஏறுது."

மைதிலி விளக்கைப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"ஏறட்டுமுங்க," என்றாள்.